மூலநோய்: ஊசிச் சிகிச்சையும் சத்திரசிகிச்சையும்

மூலநோய்க்கு ஊசி ஏற்றுவதா, சத்திரசிகிச்சை செய்வதா என்னும் வினா வைத்தியத்துறைக்கு மட்டும் உரியதன்று. மாத்தளை மாவட்டத்து நாவுல போன்ற ஊர்களில் நாட்கூலிக்கு உழைப்போருக்கு, எத்தனை நாட் கூலியை இழப்பது என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. எனவே இவ்விரு முறைகளையும் சமூகத் தளத்தில் வைத்து நோக்குதல் அவசியமாகின்றது.

உள்மூலத்தை வைத்தியர் நான்கு படிகளாக வகுப்பர். வெளித்தள்ளாது குருதி மட்டும் கசிவது முதற்படி. மலங்கழிக்கையில் வெளிவந்து தானே உட்செல்வது இரண்டாவது. கையால் உட்செலுத்த வேண்டியது மூன்றாவது. வெளியிலேயே நின்றுவிடுவது நான்காவது.

ஊசிமுறையில், எண்ணெயிற் கலந்த 5 சதவீதப் பீனோல் மூலத்தின் அடிப்பகுதியிற் செலுத்தப்படுகின்றது. அது இழையங்களை இறுகச்செய்து குருதியோட்டத்தைக் குறைக்கும். வலியுணர்வு குறைந்த பகுதியாதலால் நோவு சொற்பம்; அன்றே வீடு திரும்பலாம். ஆயின் முதலிரு படிகளுக்கே இது பொருந்தும், நோய் மீளவுங்கூடும். மில்லிகனும் மோர்கனும் 1937இல் இலண்டனில் விவரித்த சத்திரசிகிச்சை முற்றிய மூலத்தை வெட்டி நீக்குவது. நோய் மீள்வது குறைவெனினும் வலி மிகுதி. சில வார ஓய்வும் வேண்டும். இடைப்பட்ட நிலைகளுக்கு இறப்பர் வளையமிடும் முறையும் உண்டு.

ஆகவே இவை ஒன்றற்கொன்று போட்டியானவை அல்ல. வெவ்வேறு படிகளுக்கு உரியவை. இவற்றைப் போட்டியாக்கியது சந்தையே. 1871இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து மிச்செல் என்பார், பீனோலின் மறுபெயரான காபோலிக் அமிலத்தை ஊசிவழி செலுத்தினார். அவ்வித்தை ஊர்சுற்றும் போலி வைத்தியருக்கு இரகசியமாக விற்கப்பட்டது. 1879இல் சிக்காகோ வைத்தியர் அன்ட்ரூஸ் அதனை வெளிப்படுத்திய பின்னரே அது பொது அறிவாயிற்று. அறிவு பண்டமாகும்போது, பொருந்தும் நோயும் பொருந்தா நோயும் ஒரே விலைக்கு வாங்கப்படுகின்றன. கத்தியின்றி எந்த மூலமும் தீரும் என்னும் விளம்பரங்கள் அம்மரபின் எச்சங்களே.

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். ஆனால் இழந்த கூலியை அவ்விலவசம் ஈடுசெய்வதில்லை. அதனால் தொழிலாளி நோயை மறைத்து நாளைக் கடத்துகின்றான். ஊசியால் அடங்கியிருக்கக்கூடிய நோய் கத்தியை வேண்டி நிற்கின்றது. குருதிக்கசிவு யாவும் மூலமன்று, பெருங்குடற் புற்றுநோயாகவும் இருக்கலாம் என்பதால் இத்தாமதம் உயிருக்கும் ஆபத்தாகலாம்.

நோயாளி, நோய், காலம் ஆகிய மூன்றையும் அளந்தே வைத்தியம் செய்க என்பது வள்ளுவர் கருத்து. நோயாளியை அளப்பதில் அவனது உழைப்பு நிலைமையும் அடங்கும். நோய்க்கால ஊதியம் உறுதிப்படும்போதே, சிகிச்சையை நோயின் படிநிலை தீர்மானிக்கும். அதுவரை கூலியே தீர்மானிக்கும்.