பலகையை அழுத்திப் பிடிக்கும் காற்று

அலமாரி செய்யத் தெரிந்த ஆசாரி கிடைப்பது இப்போது குதிரைக்கொம்பு. கிருஷ்ணகிரி மாவட்டத்து வேப்பனப்பள்ளிப் பையனுக்கு ஒரு பக்கம் ஓசூர் ஆலைகள், இன்னொரு பக்கம் பெங்களூரு. மாதச் சம்பளம் காத்திருக்கும்போது உளி பிடித்து ஆண்டுக்கணக்கில் எடுபிடியாக நிற்க அவன் ஏன் ஒப்புவான்? அவனைக் குறை சொல்ல முடியாது. கணினிக் கட்டளைப்படி மரம் வெட்டும் சிஎன்சி ரூட்டரைப் பட்டறைகள் தேடுவதற்கு இதுவே முதல் காரணம்.

எட்டுக்கு நாலு அடி பிளைவுட்டை அதன் மேசையில் கிடத்தினால் திருகோ கிளாம்ப்போ தேவையில்லை. அடியிலிருக்கும் பம்பு காற்றை உறிஞ்ச, மேலிருக்கும் வளிமண்டலம் பலகையை அழுத்துகிறது. முழு வெற்றிடம் கிடைத்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன் அழுத்தம். பம்பு அதில் ஒரு பங்கை எட்டினாலே போதும். மேசைக்கும் பிளைவுட்டுக்கும் இடையில் போடும் எம்டிஎஃப் (மரநார்) பலகை வழியாகவே காற்று ஊடுருவிப் போகும் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. சின்னத் துண்டுகளுக்குப் பரப்பு குறைவு, பிடிமானமும் குறைவு. அதனால் அடியில் மெல்லிய தோல் மட்டும் விட்டு வெட்டி, இரண்டாம் ஓட்டத்தில் அதை அறுப்பார்கள்.

நிமிடத்துக்குச் சுமார் 18,000 முறை சுற்றும் வெட்டுமுனையான பிட்டின் கீழ்ப்பகுதி மேல்நோக்கியும், மேல்பகுதி கீழ்நோக்கியும் வெட்டும். அதனால் இரு முக லேமினேட்டும் சிதறாது. கீலுக்கு 35 மி.மீ. குழி, தட்டு தாங்க 32 மி.மீ. இடைவெளியில் 5 மி.மீ. துளைகள் எல்லாம் அதே ஓட்டத்தில் விழும். ரம்பத்தைவிட பிட்டின் தடம் அகலம். அந்த அளவு மரம் தூளாகப் போகும்.

ஓசூர் சிப்காட் பகுதியில் இரும்பு வெட்டும் சிஎன்சி ஓட்டுபவர்களுக்குப் பஞ்சமில்லை. கட்டளை மொழி ஏறக்குறைய அதேதான். ஆனால் மரம் ஈரத்தில் உப்பும், 18 மி.மீ. என்று வாங்கிய பிளைவுட் அப்படியே 18 இருக்காது. அளந்து பார்க்காமல் காடி வெட்டினால் தட்டு ஆடும், அல்லது நுழையவே நுழையாது. மர ரேகை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதையும் யாராவது சொல்லியாக வேண்டும். இதெல்லாம் ஆசாரிக்குக் கைவந்த அறிவு.

பெங்களூரு மல்லேஸ்வரத்திலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், மரவேலை இயந்திரங்கள் செய்யும் பியெஸ்ஸே நிறுவனத்தோடு சேர்ந்து நவீன மரவேலைப் பயிற்சி மையம் ஒன்றை அமைத்தது. அதுபோன்ற ஒன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் வேண்டும். சிஎன்சி தெரிந்த இளைஞரும் மரம் தெரிந்த ஆசாரியும் ஒரே மேசையில் நின்று பழகும்படி, ஆசாரியைப் பயிற்சியாளராகச் சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும்.