அடையாள அட்டை நகல் யார் கையில்? தனிநபர் தரவுச் சட்டமும் நம் வீட்டு முதியவர்களும்

ஆயர் ஈத்தாம் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழும் ஒரு சாதாரணக் குடும்பம், ஓராண்டில் எத்தனை இடங்களில் அடையாள அட்டை நகலைக் கொடுக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தவணைக்கு மோட்டார் சைக்கிள், கைப்பேசி எண், தனியார் கிளினிக், காப்புறுதி, பிள்ளைகளின் டியூஷன் எனப் பட்டியல் நீளும். படித்தவர் பாரத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். மலாய் படிக்கத் தெரியாத பாட்டி, காட்டிய இடத்தில் பெருவிரல் ரேகை வைத்துவிட்டு வீடு திரும்புகிறார்.

அந்த நகலில் உள்ள விவரங்களைக் காப்பதற்காகவே 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2013 நவம்பர் 15ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. டிஜிட்டல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோவின் அமைச்சு கொண்டுவந்த திருத்த மசோதா, 2024 ஜூலை 16இல் மக்களவையிலும் ஜூலை 31இல் மேலவையிலும் நிறைவேறியது. 2025 ஜனவரி, ஏப்ரல், ஜூன் என மூன்று கட்டங்களாகத் திருத்தங்கள் அமலுக்கு வந்தன.

திருத்தம் ஏன் தேவைப்பட்டது?

2017ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான செய்தியைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களுக்குரிய வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்துவிட்டன. அப்போது நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம்தான். விவரங்கள் கசிந்தால் அதை வாடிக்கையாளரிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அன்றைய சட்டத்தில் இல்லை.

நம் 12 இலக்க அடையாள அட்டை எண்ணே நம்மைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவையும் சேர்ந்துவிட்டால் மோசடிக்காரனுக்கு வேலை எளிது. "உங்கள் பெயரில் நீதிமன்ற வழக்கு இருக்கிறது" என்று சொல்லி, அடையாள அட்டை எண்ணையும் சரியாகச் சொல்லும் குரலை வயதானவர்கள் சந்தேகப்படுவது கடினம்.

என்ன மாறியிருக்கிறது?

முதலாவது, குறிப்பிடத்தக்க தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவு ஏற்பட்டால், நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். அதன்பின் 7 நாள்களுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவது, தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறும் நிறுவனங்களுக்கான உச்ச அபராதம் 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சம் வெள்ளியாக உயர்ந்துள்ளது. உச்ச சிறைத் தண்டனை இரண்டு ஆண்டுகளிலிருந்து மூன்று ஆண்டுகளாகியுள்ளது.

மூன்றாவது, விரல் ரேகை, முக அடையாளம் போன்ற உடல்சார் விவரங்கள், மருத்துவ விவரங்களைப் போலவே இப்போது நுட்பமான தரவாகக் கருதப்படுகின்றன. சில விதிவிலக்குகள் தவிர, அவற்றைப் பெற வெளிப்படையான சம்மதம் வேண்டும்.

சட்டம் எட்டாத இடங்கள்

இவை நல்ல மாற்றங்கள். ஆனால் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு, படிக்கவும் கேள்வி கேட்கவும் தெரிந்தவருக்கே முதலில் போய்ச் சேர்கிறது. அதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

ஒன்று மொழி. உங்கள் விவரங்களை எதற்காகச் சேகரிக்கிறோம் என்று நிறுவனங்கள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 7ஆம் பிரிவு கூறுகிறது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியவருக்கு அந்த அறிவிப்பு கையில் இருந்தும் பயனில்லை.

இரண்டாவது, மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது. 2024 திருத்தமும் இதை மாற்றவில்லை. உதவித்தொகை, நலத்துறை உதவி, அரசு மருத்துவமனை என அரசாங்கத்திடம் அதிக விவரங்களைக் கொடுப்பவர்கள் வசதி குறைந்தவர்களே. மத்திய அரசு நிறுவனங்கள் தங்களுக்குள் தரவைப் பகிர்வதை முறைப்படுத்தும் தனிச் சட்டம் ஒன்று 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. உதவி தேவைப்படுவோரை விரைவாகக் கண்டறிய அது துணைபுரியலாம். ஆனால், தனியார் நிறுவனத்திடம் இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பதுபோல் அரசு இலாகாவிடம் கேட்க முடியாது.

மூன்றாவது நம்மைப் பற்றியது. இச்சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கே பொருந்தும். உதவிப் பொருள் பெறுவோரின் பட்டியலை அடையாள அட்டை எண்களோடு வாட்சாப் குழுவில் போடுவதும், நோயாளியின் மருத்துவ அறிக்கையைப் படம்பிடித்து "உதவுங்கள்" என்று முகநூலில் பகிர்வதும் நல்ல மனத்தோடுதான் நடக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை இச்சட்டத்தின் எல்லைக்குள் வராது. அந்தப் படம் எங்கெங்கு போய்ச் சேரும் என்பது பகிர்ந்தவருக்கும் தெரியாது. ஆலயக் குழுக்களும் இயக்கங்களும் இந்தக் கட்டுப்பாட்டைத் தாங்களே விதித்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் பெயர் போதும், எண் வேண்டாம்.

குடும்பத்தினர் என்ன செய்யலாம்?

பாட்டிக்காகப் பேரப்பிள்ளை கேள்வி கேட்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ செயல்படலாம். தன் காரியங்களைத் தானே கவனிக்க இயலாதவருக்காக, நீதிமன்றம் நியமித்தவரோ அவரே எழுத்து மூலம் அதிகாரம் அளித்தவரோ செயல்படலாம். நல்ல நினைவோடு இருப்பவரும், தம் விவரங்களைக் கேட்டுப் பெறவும் திருத்தவும் இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கலாம். மறதி நோய் முற்றிய பிறகு இத்தகைய கடிதம் வாங்க முடியாது. ஆகவே, பெரியவர் தெளிவாக இருக்கும்போதே விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்துடன் மலாயில் ஒரு கடிதம் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அந்தக் கடிதம் இருந்தால், ஒரு நிறுவனம் பெரியவரைப் பற்றி என்ன விவரங்கள் வைத்திருக்கிறது என்று எழுத்து மூலம் கேட்கலாம். நிறுவனம் பொதுவாக 21 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். சாதாரண விவரங்களின் நகலுக்கு 10 வெள்ளிக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது. விளம்பர அழைப்புகளால் தொல்லை என்றால், அவற்றை நிறுத்தும்படி பெரியவர் பெயரில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளலாம்.

அடையாள அட்டை நகல் கொடுக்கும்போது, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் அதன் குறுக்கே எழுதுங்கள். வேறு காரியத்துக்கு அந்த நகலைப் பயன்படுத்துவது அப்போது கடினமாகும். வாயிற்காவலரிடம் விவரத்தைப் பதிந்துகொள்ளச் சொல்லலாம். அட்டையையே பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு அதிகாரமில்லை.

"உங்கள் தரவு கசிந்துவிட்டது, இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தால் அழுத்தாதீர்கள். உண்மையான அறிவிப்பைப் போலவே போலி அறிவிப்பும் வரும். நிறுவனத்தின் எண்ணை நீங்களே தேடி அழைத்துக் கேளுங்கள்.

வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் "கொஞ்ச நாளைக்கு" என்று யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. சில நூறு வெள்ளிக்காகக் கொடுத்த கணக்கு மோசடிப் பணம் கைமாறப் பயன்படும். இத்தகைய கணக்குகளைக் கட்டுப்படுத்த, தண்டனைச் சட்டமும் 2024இல் திருத்தப்பட்டது. கணக்கை இரவல் கொடுத்தவரும் நீதிமன்றத்தில் நிற்க நேரிடலாம்.

பணம் பறிபோனால், உடனே 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மைய எண்ணை அழையுங்கள். வங்கிக்கும் சொல்லிவிட்டுப் போலீஸ் புகார் செய்யுங்கள். நிறுவனம் உங்கள் விவரங்களைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால், தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் இழந்த பணத்தை மீட்டுத் தருவது இந்தச் சட்டத்தின் வேலையன்று.

அடுத்த முறை சட்டம் நாடாளுமன்றத்துக்கு வரும்போது, தமிழ் படிக்கும் முதியவர்களையும் அரசு இலாகாக்களில் உள்ள தரவையும் பற்றி நம் தொகுதி உறுப்பினர்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. இப்போதைய சட்டப்படியே, மலாய், ஆங்கிலத்தோடு தமிழிலும் ஒரு பக்கம் அச்சிட்டுக் கொடுக்க எந்த நிறுவனத்துக்கும் தடையில்லை. கிளினிக்கிலும் காப்புறுதி முகவரிடமும் அதை இன்றே கேட்கலாம்.