முத்திரைக் கட்டணச் சலுகை முடிந்த பின்

மும்பையில் வீடு வாங்க முனையும் நம்மவர்கள் 2020-இல் வந்த முத்திரைக் கட்டணச் சலுகையைப் பற்றி இன்னும் என்னிடம் விசாரிக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் மகாராஷ்டிர அரசு 5 சதவீதக் கட்டணத்தை அந்த ஆண்டு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 2 ஆகவும், 2021 மார்ச் வரை 3 ஆகவும் குறைத்தது. ஏப்ரலில் பழையபடி 5. அடுத்த ஆண்டு மெட்ரோவுக்கென 1 சேர்ந்து 6. ஒரு கோடி ரூபாய் ஃப்ளாட்டுக்கு 2 லட்சம் கட்டிய இடத்தில் 6 லட்சம்! இதை வங்கிக் கடனில் சேர்ப்பதில்லை, கைப்பணம்தான். முன்பணத்தை மட்டும் சேர்த்து வைத்த குடும்பங்கள் இங்கேதான் தடுமாறக் கண்டிருக்கிறேன். எஞ்சியிருப்பது, 2021 ஏப்ரலில் வந்த, பெண்களுக்கான 1 சதவீதக் குறைப்பு. அதுவும் பத்திரம் பெண்கள் பெயரில் மட்டும் இருந்தால்தான். கணவர் பெயரையும் சேர்த்தால் அந்த ஒரு லட்சமும் போயிற்று.