குடும்ப மருத்துவர் எங்கே போனார்?

புது தில்லி: நாட்டில் எத்தனை பேருக்கு ஒரு மருத்துவர் என்ற கேள்வி நாடாளுமன்றத்துக்குப் புதிதல்ல. அரசின் பதிலும் ஏறத்தாழ ஒரே வார்ப்பில்தான் வரும். 2022 ஜூன் நிலவரப்படி பதிவு பெற்ற அலோபதி மருத்துவர்கள் 13,08,009 பேர்; இவர்களில் 80 சதவீதத்தினர் பணியில் இருப்பதாகக் கொண்டு, 5.65 லட்சம் ஆயுஷ் மருத்துவர்களையும் சேர்த்துக்கொண்டால் 834 பேருக்கு ஒரு மருத்துவர் உள்ளார். ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுகோலை நாடு தாண்டிவிட்டது. அவையின் நடவடிக்கைக் குறிப்பில் விஷயம் அத்துடன் முடிந்துவிடுகிறது.

இந்தக் கணக்குடன் தில்லியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் எட்டிவிடக்கூடிய மேற்கு உத்தரப் பிரதேசத்தின் சிற்றூர் ஒன்றுக்குச் சென்று பார்த்தால் வேறு காட்சி கிடைக்கும். கிராமமும் அல்லாத, நகரமும் அல்லாத இத்தகைய ஊர்களை ஹிந்தியில் "கஸ்பா" என்பர். கடைவீதியில் மருத்துவப் பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாவட்டத் தலைநகரிலிருந்து வந்துபோகும் எலும்பு முறிவு நிபுணர், பிரசவத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் மட்டும் மருத்துவரை வரவழைக்கும் நர்சிங் ஹோம், மூலத்துக்கும் பவுத்திரத்துக்கும் "பெங்காலி டாக்டர்", ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் என எல்லாம் உண்டு. ஆனால், மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடக்கும் குழந்தையையோ, சர்க்கரை நோயுடன் ரத்த அழுத்தமும் உள்ள முதியவரையோ, காரணம் தெரியாமல் இளைத்துக்கொண்டே போகும் பெண்ணையோ முதலில் யாரிடம் அழைத்துச் செல்வது என்று கேட்டால், ஊராருக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலையும் "ஜோலா சாப்" டாக்டர். பட்டம் இல்லாதவருக்கு வட இந்தியா வைத்திருக்கும் பெயர் அது.

அவரைப் போலி என்று ஏசிவிட்டுப் போவது எளிது. அவர் கைக்கு வரும் ஸ்டீராய்டு ஊசியும், தேவையின்றி ஏற்றப்படும் குளுக்கோஸும், பாதியில் நிறுத்தப்படும் ஆன்டிபயாட்டிக்கும் செய்யும் கேடு சிறிதல்ல. ஆனால், இரவு 10 மணிக்கும் கதவைத் திறப்பவர் அவர்தான். ஆலோசனைக்குத் தனிக் கட்டணம், மருந்துக்குத் தனிக் கடை என்றில்லாமல் இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறார். கூலி வந்த பிறகு பணம் தரலாம் என்கிறார். அந்த வீட்டு மாமனாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு குடும்ப மருத்துவர் செய்ய வேண்டிய வேலைகளில், மருத்துவத்தைத் தவிர மற்ற அனைத்தையும் அவர் செய்கிறார் எனலாம்.

இவர்கள் எத்தனை பேர்? இதில் அரசின் போக்கே ஒரு தனிக்கதை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்களை ஆராய்ந்து 2016-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, அலோபதி மருத்துவர் எனத் தம்மைக் கூறிக்கொண்டோரில் சுமார் 57 சதவீதத்தினருக்கு மருத்துவக் கல்வித் தகுதியே இல்லை என்றது. கிராமப்புறத்தில் தகுதி பெற்றவர்கள் 18.8 சதவீதம் மட்டுமே. இந்த அறிக்கை பிழையானது என்று 2018 ஜனவரியில் மக்களவையில் மத்திய அரசு மறுத்தது. அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணைய மசோதா நிறைவேற்றப்பட்டபோது, அதன் அவசியத்தை விளக்க அரசு வெளியிட்ட கேள்வி-பதில் குறிப்பில் அதே 57.3 சதவீதம் இடம்பெற்றது. மறுக்க வேண்டியபோது தவறான புள்ளிவிவரம், சட்டம் கொண்டுவர வேண்டியபோது சரியானதாகிவிட்டது.

சிற்றூர்களில் படித்த மருத்துவர் எப்போதுமே இருந்ததில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பழைய தலைமுறைத் தமிழர்களுக்கு "எல்.எம்.பி. டாக்டர்" என்ற சொல் நினைவிருக்கும். பட்டப் படிப்பைவிடக் குறுகிய காலப் பயிற்சியுடன் வெளிவந்த உரிமம் பெற்ற மருத்துவர்கள் அவர்கள். இன்றைய ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியும், ராயபுரத்தில் இத்தகைய மருத்துவப் பள்ளியாக இருந்து வளர்ந்ததுதான். 1946-இல் அறிக்கை அளித்த போர் குழுவின் கணக்குப்படி, பதிவு பெற்ற 47,524 மருத்துவர்களில் 29,870 பேர் எல்.எம்.பி. போன்ற உரிமம் பெற்றவர்கள். பட்டதாரிகள் 17,654 பேர்தான்.

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ.லட்சுமணசுவாமி முதலியாரும் உறுப்பினராக இருந்த அந்தக் குழு, இனி நாட்டுக்கு ஒரே வகை "அடிப்படை மருத்துவர்" போதும் என்று பரிந்துரைத்தது. உரிமப் படிப்பு தொடர வேண்டும் என்று வாதிட்ட உறுப்பினர்களும் குழுவில் இருந்தனர். அவர்களது கருத்து எடுபடவில்லை. ஏழைக்கு ஒரு தரம், பணக்காரருக்கு ஒரு தரம் என்று மருத்துவம் பிளவுபடக் கூடாது என்பது பெரும்பான்மையினரின் எண்ணம். நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், அடிப்படை மருத்துவராக ஊர்ப்புறத்தில் அமர்வார் என்று எதிர்பார்க்கப்பட்ட எம்.பி.பி.எஸ். பட்டதாரி அங்கே அமரவில்லை.

ஏன் என்று அறிய தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையை ஒட்டிய கௌதம் நகர் சந்துகளுக்குப் போனால் போதும். மாத வாடகைக்கு இருக்கை தரும் வாசிப்புக் கூடங்களில் எம்.பி.பி.எஸ். முடித்த இளைஞர்கள் விடிய விடிய கொள்குறி வினாக்களுக்குப் பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். 2024-இல் முதுநிலை நீட் எழுதியோர் 2 லட்சத்துக்கும் அதிகம். கிடைக்காதவர்கள் அடுத்த ஆண்டும் எழுதுவார்கள். அந்த ஆண்டுகளில் அவர்கள் பார்த்திருக்கக்கூடிய காய்ச்சல்கள் எத்தனை என்று எந்த அமைச்சகமும் கணக்கு வைப்பதில்லை. "வெறும் எம்.பி.பி.எஸ்." என்ற தொடரில் உள்ள "வெறும்" என்ற சொல்லே போதும், கல்யாணச் சந்தையிலிருந்து கார்ப்பரேட் மருத்துவமனை வரை அதன் பொருள் ஒன்றுதான்.

அவர் படித்த விதமும் அப்படி. கற்பிப்பவர்கள் அனைவரும் அவரவர் துறை நிபுணர்கள். கற்கும் இடமோ, பலரால் பார்க்கப்பட்டு, வடிகட்டப்பட்டு வந்துசேரும் நோயாளிகள் நிறைந்த பெரிய மருத்துவமனை. நோய் இன்னும் தன் பெயரைச் சொல்லாத முதல் நாளில், ஒரு சிறு அறையில், ஸ்கேன் வசதியின்றி நோயாளியின் எதிரே அமர்ந்து, இது வீட்டில் இருந்தால் சரியாகிவிடும், இது இன்றிரவே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று பிரித்தறிவதுதான் பொது மருத்துவம். அதைக் கற்றுத்தரத் தனித் துறை பெரும்பாலான கல்லூரிகளில் இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளி, இரவில் தகராறு செய்யும் கூட்டம் பற்றிய அச்சம் ஆகிய காரணங்கள் இதற்குப் பிறகுதான் வருகின்றன.

நிபுணர்களாவது ஊர்ப்புறம் வருகிறார்களா என்றால் அதுவும் இல்லை. மத்திய அரசின் 2021-22 ஊரக சுகாதாரப் புள்ளிவிவரப்படி, ஊரகச் சமுதாய நல மையங்களில் தேவைப்படும் நிபுணர்களில் சுமார் 80 சதவீதம் பற்றாக்குறை.

மாற்று வழி தேடிய மாநிலங்களும் உண்டு. சத்தீஸ்கர் 2001-இல் மூன்றாண்டுப் படிப்பைத் தொடங்கியது. இந்திய மருத்துவக் கவுன்சில் அங்கீகரிக்க மறுத்தது, படிப்பின் பெயர் மாறியது, மாணவர்கள் போராடினர், 2008-இல் படிப்பே மூடப்பட்டது. ஆனால், அதில் தேறி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியமர்ந்தவர்கள், வழக்கமான நோய்களைக் கையாளுவதில் அங்குள்ள எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு இணையாக இருந்தனர் என்று 2010-இல் வெளியான ஆய்வு கூறியது. அசாம் 2004-இல் சட்டமே இயற்றி ஜோர்ஹாட்டில் படிப்பைத் தொடங்கியது. அந்தச் சட்டம் செல்லாது என்ற குவாஹாட்டி உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மருத்துவக் கல்வியின் தரத்தை வரையறுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது என்பது தீர்ப்பின் சாரம். மாநில உரிமை பேசுவோர் கவனிக்க வேண்டிய தீர்ப்பு. ஊருக்கு மருத்துவர் இல்லை என்ற பழி மாநிலத்துக்கு, அவரை உருவாக்கும் அதிகாரம் தில்லிக்கு.

அந்த அதிகாரத்தை தில்லி எப்படிப் பயன்படுத்தியது? மூன்றரை ஆண்டு ஊரக சுகாதாரப் பட்டப் படிப்பு என்ற யோசனையை 2013 மார்ச்சில் நாடாளுமன்ற நிலைக்குழு நிராகரித்தது. அதே ஆண்டு நவம்பரில் சமுதாய சுகாதாரம் என்ற பெயரில் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தது. 2019-இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 32-ஆவது பிரிவின்கீழ் "சமுதாய சுகாதார வழங்குநர்" என்ற வகைக்கு வரையறுக்கப்பட்ட உரிமம் வழங்க வகை செய்தது. போலிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு என்று இந்திய மருத்துவ சங்கம் கொதித்தெழுந்து வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அந்த அச்சத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால், சங்கத்தின் உறுப்பினர்களில் கஸ்பாவில் கிளினிக் திறக்க முன்வருவோர் எத்தனை பேர் என்ற கேள்வியும் ஒதுக்கத்தக்கதல்ல.

இந்த அமளியில் கவனிக்கப்படாமல் போனது, அதே சட்டத்தில் இருக்கும் இன்னொரு வரி. குடும்ப மருத்துவத்தில் முதுநிலைப் படிப்புகளை ஊக்குவிப்பது முதுநிலை மருத்துவக் கல்வி வாரியத்தின் கடமைகளுள் ஒன்று என்கிறது அது. யோசனை புதிதல்ல. தேசியத் தேர்வு வாரியம் பல்லாண்டுகளாகக் குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. பட்டம் வழங்கி வருகிறது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி எம்.டி. படிப்பைத் தொடங்கியது. 2016 மார்ச்சில் அளித்த 92-ஆவது அறிக்கையில் சுகாதாரத் துறை நிலைக்குழு, எல்லா மருத்துவக் கல்லூரிகளிலும் குடும்ப மருத்துவத் துறை வேண்டும் என்றே பரிந்துரைத்தது. பொது மருத்துவரை "வெறும்" என்ற சொல்லிலிருந்து விடுவிக்க, அவருக்கென ஒரு பட்டமும் துறையும் பதவி உயர்வும் வேண்டும் என்பதே இதன் தர்க்கம். மூன்றாண்டுப் படிப்பா, ஐந்தரை ஆண்டுப் படிப்பா என்ற முடிவற்ற சண்டையைவிட இது பயனுள்ள வழி என்றே தோன்றுகிறது.

அடுத்த ஐந்தாண்டுகளில் மருத்துவக் கல்லூரிகளில் 75 ஆயிரம் இடங்கள் கூடுதலாக உருவாக்கப்படும், முதல் ஆண்டில் மட்டும் 10 ஆயிரம் என்று 2025 பிப்ரவரியில் நிதிநிலை அறிக்கையை வாசித்த நிதியமைச்சர் அறிவித்தார். மேசைகள் தட்டப்பட்டன. அவற்றுள் குடும்ப மருத்துவத்துக்கு எத்தனை என்பது அந்த உரையில் இல்லை.