கீழ்வீட்டுக்காரர் முறைக்கிறாரா?

அடுக்குமாடியில் பிள்ளை இருக்கும் வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் வரும் பகை பெரும்பாலும் கால் சத்தத்தில்தான் தொடங்குகிறது. "குழந்தை நடக்கக்கூடக் கூடாதா?" என்பார்கள் மேலே. கீழே இருப்பவருக்கோ தலைக்கு மேல் உலக்கை போடுவது மாதிரி இருக்கும். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. பேச்சு, டிவி மாதிரி காற்றில் வரும் சத்தத்தை கான்கிரீட் தளம் ஓரளவு தடுத்துவிடும். குதிப்பதும் நாற்காலியை இழுப்பதும் தளத்தையே அதிர வைப்பவை. அந்த அதிர்வு கீழ்வீட்டுக் கூரையிலும் சுவரிலும் பரவி, அங்கே சத்தமாகக் கேட்கிறது. நம் ஊர் ஃபிளாட்டுகளில் பெரும்பாலும் தளத்தின் மேல் சிமெண்ட் பூசி டைல்ஸ் பதித்துவிடுகிறோம். அதிர்வை வாங்கிக்கொள்ள நடுவில் மெத்தென்று எதுவும் இருக்காது. அதனால் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் காதுக்கு உறைக்காத சத்தம்கூட கீழே தூக்கத்தைக் கெடுக்கலாம்.

முதலில் இந்த அதிர்வைக் குறைத்துப் பாருங்கள். பிள்ளை ஓடியாடும் இடத்தில் தடித்த ஃபோம் மேட் போடலாம். கோரைப்பாய் போதாது, அது ரொம்ப மெல்லிசு. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டச் செலவு சொற்பம்தான். மூன்று சக்கர சைக்கிளும் பந்தும் இருட்டிய பிறகு பரண் ஏறட்டும்.

அடுத்து, நீங்களே கீழே போய்ப் பேசுங்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாமல். "சத்தம் கேட்கிறதா?" என்று ஆரம்பித்தால் பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். "சார், எந்த நேரத்தில் ரொம்பத் தொந்தரவாக இருக்கிறது?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குபவராக இருக்கலாம், வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர் இருக்கலாம். அவர் சொல்லும் நேரத்தை மட்டும் அமைதியாக வைத்துக்கொள்வது நாள் முழுவதும் பிள்ளையை அதட்டுவதைவிடச் சுலபம்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளைக் காட்டி மிரட்டுபவர்கள் உண்டு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த விதிகள் ஒலிபெருக்கி, பட்டாசு, ஹாரன் போன்றவற்றை மனதில் வைத்து வந்தவை. நான்கு வயதுப் பிள்ளையின் ஓட்டத்தை அளக்க யாரும் மீட்டரோடு வரப்போவதில்லை. இரவு பத்து மணி என்ற எல்லையை மட்டும் நீங்களாகவே எடுத்துக்கொள்ளுங்கள், அது நியாயமானது.

இவ்வளவும் செய்த பிறகும் சிலர் மாற மாட்டார்கள். பந்தைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், மாடிப்படியில் பிள்ளையை நிறுத்தித் திட்டுவார்கள். அப்போது பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "எதிர்த்துப் பேசாதே, நேரே எங்களிடம் வந்து சொல்." பந்தை வாங்கவோ மன்னிப்புக் கேட்கவோ பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள். சாப்பிடும்போது அந்த அங்கிளைப் பற்றி நீங்கள் சொல்லும் வார்த்தை மறுநாள் லிஃப்டில் அவர் முன்னாலேயே திரும்பி வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். அசோசியேஷன் வாட்ஸப் குரூப்பில் பொரிந்து தள்ளுவது இன்னும் மோசம். நாற்பது வீடும் வேடிக்கை பார்க்கும், தீர்க்காது.

அடிப்பது, மிரட்டுவது, பிள்ளையைப் படமெடுப்பது என்று போனால் அது அக்கம்பக்கச் சச்சரவைத் தாண்டிவிட்டது. செகரட்டரிக்கு எழுத்தில் கொடுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம். கோர்ட்டுக்குப் போகாமல் பேசித் தீர்க்க மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. எங்கே கொடுத்தாலும் புகாரில் அவருடைய குணத்தைப் பற்றி எழுத வேண்டாம். எந்தத் தேதி, என்ன செய்தார், யார் பார்த்தார்கள் என்பது போதும்.