கல்பாக்கத்துக் கடலும் குப்பத்து மீனும்

ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குத் தெற்கே, இதே கடற்கரையில்தான் கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது அங்கே கடல்நீர் பம்பு அறைக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. கதிரியக்கக் கசிவு இல்லை. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின.

ஜப்பானின் புகுஷிமாவில், 2011 மார்ச் 11 சுனாமி அப்படி முடியவில்லை. உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளில் சூடு பிறந்துகொண்டே இருக்கும். விடாமல் தண்ணீர் பாய வேண்டும். டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கிப் பம்புகள் நின்றன, எரிபொருள் உருகியது. சூடு தணிக்க ஊற்றிய நீரில் ஒரு பகுதி நஞ்சோடு கடலில் கலந்தது.

அந்த நஞ்சு ஒரே வகையல்ல. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். சில மாதங்களில் அநேகமாக மறைந்துவிடும். சீசியம்-137 பாதியாக 30 ஆண்டு ஆகும். கடல்நீரில் அது பரவி நீர்த்துப்போனாலும் அடிச்சேற்றில் தங்குகிறது. எனவே தரையை ஒட்டி வாழும் மீன்களில் நெடுநாள் காணப்பட்டது. குழம்பு எவ்வளவு கொதித்தாலும் கதிரியக்கம் அழியாது. கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. கருவியால் அளந்தால்தான் உண்டு.

ஜப்பான் 2012 ஏப்ரல் முதல் கிலோவுக்கு 100 பெக்கரல் என்று வரம்பு வைத்தது. கரையோர மீன்பிடிப்பை நிறுத்தியிருந்த புகுஷிமா மீனவர்கள், சோதனையில் தேறிய சில இனங்களை மட்டும் அந்த ஜூனில் பிடித்து விற்கத் தொடங்கினார்கள். மீன் தேறியும் வாங்குவோர் தயங்கினார்கள். மீனவருக்கு அதுதான் பெரிய அடி. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது சென்னையிலும் இதைப் பார்த்தோம்.

கல்பாக்கத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்தால், குப்பத்தில் மீன் வாங்குவதை நிறுத்துமுன் மூன்றைக் கேளுங்கள்: எந்த மீன், எங்கே பிடித்தது, எத்தனை பெக்கரல்.