கிடை விளக்கும் எழுவைதீவும்

வேப்பூர் ஆட்டுச் சந்தை வெள்ளிக்கிழமை கருக்கலிலேயே களைகட்டிவிடும். செல்போன் வெளிச்சத்தில் ஆட்டின் வாயைப் பிரித்து, பல் பார்த்து விலை பேசுவார்கள். கிடை போட்ட காட்டில் ராத்திரி வெளிச்சத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று அங்கே ஒரு பெரியவரிடம் கேட்டேன். தோள்பையிலிருந்து ஒரு சோலார் விளக்கை எடுத்துக் காட்டினார். பகலெல்லாம் பட்டித் தட்டியின் மேல் வெயிலில் கிடக்கும். இரவில் நாய், நரி அண்டாது.

"பேட்டரி போயிட்டா?"

"வேப்பூர் வந்து மாத்திக்குவேன்."

ஒற்றை விளக்குக்கு அந்தப் பதில் போதும். மின்கம்பி எட்டாத ஓர் ஊருக்கே இப்படி வெளிச்சம் கொடுத்தால், பேட்டரியை மாற்றப்போவது யார்? சூரியத் தகடு இருபத்தைந்து வருஷம் உழைக்கும். ஈய அமில பேட்டரிக்கு நாலைந்து வருஷம்தான் ஆயுசு. முனையில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்துப் போய், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் வறண்டு கிடக்கும் பேட்டரிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பீகாரின் ஜெகானாபாத் மாவட்டத்தில் தர்னை என்றொரு கிராமம். முப்பது வருஷமாக மின்சாரம் இல்லை. 2014-இல் கிரீன்பீஸ் அமைப்பு அங்கே 100 கிலோவாட் சூரிய மின் நிலையம் அமைத்தது. நாடே பாராட்டியது. ஆனால் பார்க்க வந்த பீகார் அரசியல் தலைவர் நிதிஷ் குமாரிடம் ஊர்க்காரர்கள் கேட்டது 'அசல் மின்சாரம்'. ஃபிரிட்ஜும் டி.வி.யும் தாராளமாக ஓடுகிற மின்சாரம் அது. கொஞ்ச நாளிலேயே அரசின் மின்கம்பி வந்தது, குறைந்த விலையில். சூரிய நிலையத்தின் பேட்டரிகள் சில வருஷங்களில் செத்தன. புதிது போட யாருமில்லை. கடைசியில் அந்த இடத்தில் மாடு கட்டினார்கள். ஊர்க்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து ஊருக்குக் கிடைப்பது தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டது நியாயம்தான்.

யாழ்ப்பாணக் கடலில் உள்ள எழுவைதீவின் கதை வேறு. ஊர்காவற்றுறையிலிருந்து படகில் போக வேண்டிய சின்னத் தீவு. மின்சாரம் என்றால் டீசல் எஞ்சின்; அந்த டீசலும் கடல் தாண்டி வர வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன்பு, ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியோடு அங்கே 46 கிலோவாட் சூரியத் தகடுகள், ஆறு சிறு காற்றாலைகள், 110 யூனிட் சேமிக்கும் லித்தியம் பேட்டரி ஆகியவை அமைந்தன. டீசல் எஞ்சின் துணைக்கு நின்றது. நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சுமார் நாலு யூனிட் தரும். ஆக 46 கிலோவாட்டுக்கு 180 யூனிட் போல வரும். வானம் மூடினால் இது சரியும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் இரவிலும் காற்றாலை சுற்றும். ஒன்று கைவிடும்போது மற்றொன்று தாங்குகிறது.

இயந்திரத்தைவிட நான் பெரிதாக நினைப்பது, நிலையத்தை நடத்தும் பொறுப்பு இலங்கை மின்சார சபையிடம் இருந்ததைத்தான். கொழும்புக்காரர் கட்டும் அதே கட்டண விகிதம்தான் தீவுக்காரருக்கும். பழுதானால் வந்து பார்க்க வேண்டிய ஆள் யார் என்பது ஊருக்குத் தெரியும். 'இது அசல் மின்சாரமா' என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

அடுத்து, அதே கடலில் உள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றிலும் இதேபோன்ற நிலையங்கள் அமைக்கத் திட்டம் வந்தது. 2021 ஜனவரியில் இந்த வேலை ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. இராமேசுவரத்துக்கு இவ்வளவு பக்கத்திலா என்று இந்தியா ஆட்சேபித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு, சுமார் 1.1 கோடி டாலர் மானியம். 2024 மார்ச் 1-இல் பெங்களூரு நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம்: 1,700 கிலோவாட் சூரியசக்தி, 530 கிலோவாட் காற்று, 2,400 யூனிட் பேட்டரி. இரண்டு வல்லரசுகளின் இழுபறியில் மூன்று தீவுகளும் டீசல் புகையோடு மூன்று வருஷம் காத்திருந்தன. அந்தக் காலத்தை அவர்களுக்கு யார் திருப்பித் தருவது?

இங்கே வேப்பூருக்குக் கிழக்கே நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். மேற்கே கள்ளக்குறிச்சியைத் தாண்டினால் கல்வராயன் மலை. மலைக் கிராமம் எதற்காவது நாளை சூரிய மின்சாரம் வந்தால், திறப்பு விழாக் கல்வெட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பலகையும் வைக்க வேண்டும் என்பேன். பேட்டரி மாற்றவேண்டிய வருஷம், அதற்கான பணம் இருக்கும் கணக்கு, பழுது பார்ப்பவரின் செல்போன் எண், இந்த மூன்றும் அதில் இருக்கட்டும்.